ஏழரை ஜூல் துவக்கு

முயலைச் சாதுவான பிராணி என்று எழுதிவைத்தவர்கள் எவரும் கீரைப் பாத்தி வைத்திருந்தவர்கள் அல்லர். எனக்கு இது ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. அதுவரை நானும் முயலைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டிருந்தேன்.

நான் அகதியாக வந்து குடியேறிய ஹம் நகரின் ஓரத்தில், கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் நடுவே, தோட்டச் சங்கம் ஒன்று துண்டு துண்டாகக் குத்தகைக்குக் கொடுக்கும் நிலம் இருக்கிறது. நாலு வருடம் வரிசையில் நின்று எங்களுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஒரு மரக்கொட்டில், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தடித்த விதிப் புத்தகம். விதிகளில் தலையாயது, நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் மரக்கறியோ பழமோ விளைய வேண்டும் என்பது. புல்லை வளர்த்துவிட்டுக் கதிரை போட்டு இறைச்சி வாட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு மற்ற இரண்டு பங்கு இருக்கிறது.

அந்த மூன்றில் ஒரு பங்கை முயல்கள் எடுத்துக்கொண்டன. தண்டுக்கீரை இரண்டு இலை விட்ட அன்றே போனது. பயிற்றை, கொடி பிடிக்க முன்னமே போனது. கத்தரி நாற்றுகளை அவை தின்னக்கூட இல்லை. ஒவ்வொன்றையும் அடியில் வெட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தன. மிளகாயை மட்டும் தொடவில்லை. இரண்டாவது முறை நட்டோம், இரண்டாவது முறையும் தின்றன. மே மாதக் கடைசியில் சங்கத்திடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எங்கள் பாத்திகள் வெறுமையாகக் கிடப்பதாகவும், ஜூன் கடைசிச் சனிக்கிழமை தலைவர் நேரில் பார்வையிட வருவார் என்றும், அன்றும் நிலைமை இப்படியே இருந்தால் குத்தகை ரத்தாகும் என்றும் இருந்தது.

தோட்டம் போனால் எனக்கு ஒன்றும் பெரிய இழப்பில்லை. நான் அங்கே புத்தகத்தோடு போய்ப் புத்தகத்தோடு திரும்புகிறவன். மனைவியின் கதை வேறு. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே தோட்டத்துக்குப் போவாள். சப்பாத்தைக் கழற்றுவாள், கைபேசியைக் கொட்டிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவாள், வெறுங்காலோடு மண்ணில் நிற்பாள். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"இஞ்ச ஆரும் மணி அடிச்சு என்னைக் கூப்பிட மாட்டினம்" என்றாள்.

கடிதத்தை அவளே வாசித்தாள். வாசித்துவிட்டு மடித்து, மேசையில் இருந்த உப்புப் போத்தலுக்குக் கீழே வைத்தாள். "சுத்திவரக் கம்பி வேலி அடியுங்கோப்பா. ஒரு முழம் மண்ணுக்குள்ள தாழுங்கோ. அலுவல் முடிஞ்சுது" என்றாள்.

இத்தோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், யாழ்ப்பாணத்தானிடம் வேலி என்ற சொல்லைச் சொன்னது. என் தகப்பனாரும் பக்கத்து வளவுக்காரரும் நாலு விரல்கடை நிலத்துக்காக ஒரு பனையோலை வேலியை வைத்து வழக்காடினார்கள். இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். வழக்கு இன்னும் சுகமாக இருக்கிறது. இங்கே எங்கள் இடப்பக்கத்தில் ஒரு போலந்துக் குடும்பம் வருடா வருடம் ஒரு வாளி செர்ரிப்பழம் தருகிறது. வலப்பக்கத்துக் கிழவர் நான் வணக்கம் சொல்ல முன் தான் சொல்லிவிடுவார். இந்த நல்லுறவுக்கு நடுவே ஒரு வேலியை நட்டு என் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கைச் சீதனமாக விட்டுப்போக நான் தயாராக இல்லை. ஆகவே, வேலிக்குப் பயந்து துவக்கு வாங்கத் தீர்மானித்தேன். எழுதிப் பார்க்கும்போது இதில் இருக்கும் அறிவுக்குறைவு தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

துவக்கு என்றால் எயார் றைபிள், காற்றால் ஈயக் குண்டைத் தள்ளுவது. யோசனையைத் தந்தவன் மனைவியின் தம்பி. குளிர்க்களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிறான். எந்த விஷயம் என்றாலும் அதைப் பற்றி மூன்று வீடியோ பார்த்திருப்பான்.

"மன்னாரில எங்கட மாதா கோயில் சுவாமியாரிட்ட ஒண்டு இருந்தது அத்தான். மாமரத்துக்கு வாற வௌவாலுக்கு அடிப்பார். டப் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"நீ சுட்டிருக்கிறியோ?"

"நான் வௌவாலைப் பொறுக்கிறனான்."

எங்கள் இருவருக்குமான மொத்த அனுபவம் அதுதான். மூன்று பின்னேரங்கள் எங்கள் குசினி மேசையில் அவனுடைய கைபேசியை அரிசிப் பேணியில் சாய்த்துவைத்துப் படித்தோம். குழலையே மடக்கிக் காற்றை அடைக்கும் வகை, குழலுக்குக் கீழே நெம்புகோல் வைத்த வகை, காற்றுச் சிலிண்டர் பூட்டிய வகை. நாலரை மில்லிமீற்றர் குண்டு நேரே போகும், ஐந்தரை மில்லிமீற்றர் குண்டு பலமாக அடிக்கும். தலை தட்டையான குண்டு தாளுக்கு, உருண்டையான குண்டு இறைச்சிக்கு. தொலைநோக்கி வைத்தால் நல்லது. ஆனால் சுருள்வில்லின் உதைப்பில் மலிவான தொலைநோக்கி ஒரு மாதத்தில் குருடாகிவிடும். காட்டுச் சட்டை போட்ட மனிதர்கள் புதருக்குள் படுத்துக்கொண்டு, முயலுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று எங்களிடம் கிசுகிசுத்தார்கள். நாங்களும் பதிலுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அந்த வீடியோக்கள் எல்லாமே வேறு நாடுகளில் எடுக்கப்பட்டவை என்பதை இரண்டு பேரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

"முயல் கறிக்கு மிளகு கொஞ்சம் கூடப் போடோணும்" என்றான் அவன். அவனுக்கு எங்கள் குத்தகையைப் பற்றிய கவலை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

"உங்களுக்கு முயல் அம்பிடேக்க நான் பென்சன் எடுத்திடுவன்" என்றாள் மனைவி, சோறு வடித்துக்கொண்டே.

இந்த இடத்தில் நான் ஒரு கடிதம் எழுதினேன். முப்பது வருடத்துக்கு முன் அகதியாக வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் செய்ய முன் அரசாங்கக் கந்தோரில் கேட்டுவிடுவான். பிறகு ஒருவனும் கோப்பை விரித்து விரலை நீட்டக் கூடாது. நகரசபையின் வேட்டைப் பிரிவுக்கு, எனது தோட்டத்தில் முயல்களின் தொல்லை தாங்க முடியவில்லை என்றும், எயார் றைபிள் ஒன்று வாங்கி அவற்றைச் சுட உத்தேசித்துள்ளேன் என்றும், தயைகூர்ந்து அனுமதி தரவேண்டும் என்றும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் கை தன்பாட்டுக்கு அடியில் ஒரு கோடு போட்டு, 'பிரதி: தோட்டச் சங்கத் தலைவர்' என்றும் எழுதியது.

அதை விளங்கப்படுத்துவது கடினம். எங்கள் ஊரில் பிரதி போடாத மனு மனுவே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று மின்சார சபைக்கு எழுதினாலும் அரசாங்க அதிபருக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று என்று பிரதி போகும். விளக்கு எரியாது, ஆனால் எரியவில்லை என்பது நாலு பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நிம்மதிக்குப் பழகிய கை. தலைவருக்குப் போன பிரதியை நானே கொண்டுபோய்ச் சங்கத்தின் தபால் பெட்டியில் போட்டேன். பெட்டி மூடி சரியாக விழவில்லை என்று திரும்பிப் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டும் வந்தேன்.

இரண்டு கிழமை பதில் இல்லை. பார்வையிடும் நாளுக்கு இன்னும் பதினாலு நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை நானும் மைத்துனனும் ரயிலேறிப் பக்கத்து நகரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். நான் கையில் கோப்பை எடுத்துக்கொண்டேன். வந்திறங்கிய நாளிலிருந்து இந்த நாடு எனக்குத் தந்த எல்லாக் காகிதமும் அதில் இருக்கிறது. பாண் வாங்கப் போகும்போது மட்டும்தான் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவேன்.

கடைக்காரி அறுபதைக் கடந்த பெண். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. சுவரில் வரிசையாகத் துவக்குகள். அவற்றுக்கு மேலே கண்ணாடிக் கண்களால் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காட்டுப்பன்றித் தலை.

"அடையாள அட்டை" என்றாள்.

நான் கோப்பைத் திறந்து அடையாள அட்டை, பிரஜாவுரிமைப் பத்திரம், வதிவிடப் பதிவு, கல்யாணப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு ஆகியவற்றை வரிசையாக அடுக்கினேன். அவள் அடையாள அட்டையை மட்டும் எடுத்துப் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, மற்றவற்றை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு சுவரிலிருந்து ஒரு றைபிளை இறக்கினாள்.

"இதற்கு முன் துப்பாக்கி பிடித்திருக்கிறீர்களா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். இதே கேள்வியை இதே மொழியில் என்னிடம் ஒருவர் முன்பும் கேட்டிருக்கிறார். சின்ன அறை, ஒரு அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர், மேசையில் ஒரு தண்ணீர்க் குவளை. உங்கள் நாட்டில் ஆயுதம் தொட்டிருக்கிறீர்களா? இல்லை என்றேன். அது பச்சை உண்மை. அந்த வயதில் நான் தொட்டவற்றில் ஆபத்தானது சைக்கிள் ஒன்றுதான். நம்பத்தகுந்ததாக இல்லை என்று எழுதி என் அகதி மனுவை நிராகரித்தார்கள். அந்த ஒரு வசனத்தை நம்பவைக்க எனக்கு ஏழு வருடமும் இரண்டு வழக்கறிஞர்களும் தேவைப்பட்டார்கள்.

"இல்லை" என்றேன் கடைக்காரியிடம். "ஒருபோதும் இல்லை. தொட்டதே இல்லை. நான் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை."

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். காட்டுப்பன்றியும் பார்த்தது.

"தோளில் எப்படி வைப்பது என்று காட்டவா என்பதற்காகக் கேட்டேன்" என்றாள்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான், பொலிஸுக்குப் போன் அடிக்கப்போறா" என்றான் மைத்துனன்.

அதன் பிறகு ஒன்றரை மணித்தியாலம் அவள் எங்களுக்காகச் செலவழித்தாள். நெம்புகோல், குழல், எடை, விசையின் மென்மை. எங்களுக்குத் தெரிந்திருப்பதைக் கண்டு அவளுக்கே சந்தோஷம். கோப்பி போட்டுத் தந்தாள். இந்த நாட்டில் பதினெட்டு வயது தாண்டிய யாரும் வாங்கக்கூடிய எயார் றைபிளுக்கு ஏழரை ஜூல் பலம்தான் எல்லை என்றும், அதற்கு அடையாளமாக உலோகத்தில் ஐங்கோணத்துக்குள் ஒரு எழுத்து வெட்டியிருக்கும் என்றும் காட்டினாள். நான் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

"ஏழரையோ?" என்றான் மைத்துனன். "அந்த வீடியோவில முப்பது எல்லோ சொன்னவங்கள்."

கடைசியில் அவள் கேட்டாள்: "எதைச் சுடப் போகிறீர்கள்? தாளா, தகரப் பேணியா?"

நான் மைத்துனனைப் பார்த்தேன். "முயல் எண்டு சொல்லுங்கோ, என்ன பயம்" என்றான். சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த றைபிளை வாங்கி மேசையில் வைத்தாள். இரண்டு கைகளாலும் வைத்தாள். குரல் மாறியிருந்தது.

"இதால் முயலைச் சுட்டால் அது சாகாது. குண்டோடு ஓடும். பற்றைக்குள் கிடந்து மூன்று நாள் கழித்துச் சாகும். நான் நாற்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவள். எந்த வேட்டைக்காரனும் இங்கே இதை முயலுக்கு எடுக்க மாட்டான், சட்டமும் விடாது. முயல் அடிக்க வேண்டுமானால் முதலில் வேட்டை அனுமதி எடுங்கள். பல மாத வகுப்பு, எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை, சுடும் பரீட்சை. பச்சை அபிட்டூர் என்று அதற்குப் பெயர். அதை எடுத்தாலும் உங்கள் தோட்டத்துக்குள் சுட முடியாது, சுற்றிவர ஆட்கள் இருக்கிறார்கள்."

அபிட்டூர் என்பது இங்கே பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் எழுதும் பரீட்சை. எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அதைக் கடக்கவைக்க நாங்கள் பட்ட பாட்டில் என் தலைமயிரில் பாதி போனது. மிச்சப் பாதியை முயலுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

"முயல்கள் தொல்லை என்றால் வேலி போடுங்கள்" என்றாள் கடைக்காரி.

இப்போது எழும்பி, நன்றி சொல்லி, வெளியே வந்திருக்க வேண்டும். ஆனால் மேசையில் இரண்டு வெறுமையான கோப்பிக் குவளைகள். ஒரு மனிசி ஒன்றரை மணித்தியாலம் நின்று, ஏழு றைபிளை இறக்கிக் காட்டி, கோப்பியும் தந்திருக்கிறாள். சீலைக்கடையில் பாயை விரித்து இருபது சீலையைப் பரப்பவைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழும்பும் பெண்களைப் பற்றி என் தாயார் சொன்னவை எல்லாம் காதில் ஒலித்தன. மைத்துனனும் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாளுக்குத்தான்" என்றேன். "தாளைச் சுடுவதற்கு ஒன்று எடுக்கிறேன்."

குழலை மடக்கும் வகை, நாலரை மில்லிமீற்றர், ஏழரை ஜூல். ஒரு பேணி தட்டைத் தலைக் குண்டு. வட்டம் போட்ட நூறு அட்டை. பூட்டிய பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும், வீட்டிலும் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றையும் விற்றாள்.

ரயிலில் பெட்டியை முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு இருந்தேன். ஒரு தப்பும் செய்யவில்லை, எல்லாம் சட்டப்படி, ரசீதுகூடக் கோப்பில் ஏறிவிட்டது. ஆனாலும் என் முகம் தானாகவே குற்றவாளியின் முகத்தைப் போட்டுக்கொண்டது. எதிரே இருந்த துருக்கிப் பெரியவர் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டி, "சாஸா?" என்று கேட்டார். சாஸ் என்பது அவர்களுடைய நீண்ட கழுத்து வாத்தியம்.

"வீணை" என்றான் மைத்துனன், கண் இமைக்காமல். "எங்கள் ஊர் வாத்தியம். இவர்தான் வாசிப்பார்."

பெரியவர் என் விரல்களைப் பார்த்து, பார்த்தாலே தெரிகிறது என்றார்.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. அதன் நீளத்தைப் பார்த்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"கண்டறியாத துவக்கு! இதைக் கண்டெல்லோ ஓடி வந்தனாங்கள்? வீட்டுக்குள்ள கொண்டுவந்து அலுமாரிக்கு மேல வைக்கவோ ஓடி வந்தனாங்கள்?"

"தாள் சுடுறதுக்கு…"

"தாளோ? தாள் வந்து என்ர கீரையைத் திண்டதோ?" தம்பியின் பக்கம் திரும்பினாள். "உனக்கு மூளை இருக்கே? அந்த மனுசன்தான் புத்தகம் வாசிச்சுக் கெட்டுப்போச்சு. நீ ஒண்டும் வாசிக்கிறேல்லையே!"

எத்தனை ஜூல் என்று அவன் விளக்க வாய் திறந்தான். ஏழரை என்றதும் அவள், "வேதக்காரருக்கும் ஏழரை பிடிக்கும் எண்டு இண்டைக்குத்தான் கண்டன்" என்று சொல்லி, பெட்டியின் திறப்பை என் கையிலிருந்து பிடுங்கி, கழுத்துச் சங்கிலியில் மாதா பதக்கத்தோடு கோத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பெட்டி ஒரு தடவையும் திறக்கப்படவில்லை.

அடுத்த கிழமை நகரசபையின் பதில் வந்தது. இரண்டு பக்கம். தோட்டக் குடியிருப்புகளில் வேட்டைக்கு இடமில்லை, எயார் றைபிள் இதற்கு உகந்ததல்ல, அனுமதி மறுக்கப்படுகிறது, ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கலாம் என்ற சொல்லைக் கண்டதும் கை பேனையைத் தேடியது. மனைவி பேனையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கீரை வேணும். உங்களுக்கு வழக்கு வேணும். எங்க அந்தக் கம்பி?"

வேலி போட்டோம். அவள் லீவு எடுத்தாள். நான் குழி வெட்டினேன், மைத்துனன் கம்பி வலையைத் தாழ்த்தினான், அவள் மண்ணை மிதித்து இறுக்கினாள். இடப்பக்கத்துப் போலந்துக்காரர் சுத்தியலோடு வந்து உதவினார். எல்லையை நாலு விரல்கடை தன் பக்கமே எடுக்கச் சொன்னார். நான் அழாத குறை. ஒரு முழு நாள். நாலு பக்கமும் ஒரு முழம் மண்ணுக்குள். ஒரு எலிகூட உள்ளே வர முடியாது. மாலையில் அவள் மூன்றாவது முறையாகக் கீரை நாற்றும் பயிற்றை நாற்றும் நட்டாள்.

மறுநாள் எல்லாம் தின்னப்பட்டிருந்தது.

மைத்துனன் வேலியைச் சுற்றி மூன்று தரம் நடந்தான். ஓட்டை இல்லை. நாலாவது தரம் நடக்கும்போது எங்கள் கொட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு முயல் வெளியே வந்து, அவனைப் பார்த்துவிட்டு, அவசரம் இல்லாமல் திரும்ப உள்ளே போனது. அதன் பின்னால் இன்னும் இரண்டு சின்னக் காதுகள் தெரிந்தன.

"அத்தான்" என்றான் அவன். "வீடே இஞ்சதான் இருக்குது. நாங்கள் உவங்களை உள்ளுக்க வைச்செல்லோ பூட்டிப்போட்டம்."

பார்வையிடும் நாளுக்கு மூன்று நாள் இருந்தது. மனைவி கொட்டில் படியில் இருந்துகொண்டு சப்பாத்தை மாட்டிக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. அங்கே அவள் சப்பாத்துப் போட்டபடி இருந்ததை நான் கண்டதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தலைவர் வந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கதவை மறைக்கிற உடம்பு. கையில் படிவம் செருகிய அட்டை.

"இங்கே என்ன நட்டீர்கள்?"

மனைவி கீரை, பயிற்றை, கத்தரி என்று ஒவ்வொரு பாத்தியாகக் கையைக் காட்டினாள். அவர் ஒவ்வொரு வெறும் மண்ணையும் மரியாதையோடு பார்த்தார். மிளகாய்ச் செடிகளை மட்டும் எண்ணிக் குறித்துக்கொண்டார். பிறகு வேலியைப் பார்த்தார். காலால் தட்டிப் பார்த்து, நல்ல வேலை என்றார். அந்த நேரம் பார்த்துக் கொட்டிலுக்கு அடியிலிருந்து தாய் முயல் வெளியே வந்து அவருடைய சப்பாத்துக்கு இரண்டு மீற்றர் தூரத்தில் உட்கார்ந்தது.

அவர் முயலைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிராணி வளர்ப்பதற்கு விதிகளில் தனிப் பிரிவு இருக்கிறது" என்றார். அவர் வாயோரம் துடித்ததோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு அட்டையின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் கையெழுத்து. என் ஒன்றரைப் பக்கம். என் பிரதி.

"முப்பது வருடமாக இந்தச் சங்கத்தில் இருக்கிறேன். எனக்கு யாரும் பிரதி அனுப்பியதில்லை" என்றார். "பாத்திகளைப் பற்றிப் பேசலாம். முயலை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதை நான் கேட்டே ஆக வேண்டும், எழுதியும் ஆக வேண்டும். தோட்டக்காரரிடம் துப்பாக்கி இருந்தால் என்னால் உதவ முடியாது, சங்கத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கினீர்களா?"

உண்மை ஒன்றும் கஷ்டமானதல்ல. வாங்கினேன், வீட்டில் இருக்கிறது, பூட்டியிருக்கிறது, ரசீது இருக்கிறது, சட்டம் ஒன்றும் மீறப்படவில்லை. கோப்புக்கூட என் கக்கத்தில்தான் இருந்தது. ஆனால் மனைவி பக்கத்தில் நின்றாள், கழுத்துச் சங்கிலியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"இல்லை" என்றேன். "என் வாழ்க்கையில் நான் ஆயுதம் தொட்டதே இல்லை."

"அப்படித்தான் நினைத்தேன்" என்றார் அவர். "உங்களைப் பார்த்தாலே தெரிகிறது."

துப்பாக்கி இல்லை என்று எழுதிக்கொண்டார். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. செப்டெம்பர் வரை அவகாசம் தருவதாகவும், வேலியைக் கொட்டிலுக்கு இந்தப் பக்கம் மாற்றி அடித்தால் கொட்டிலும் முயல்களும் வேலிக்கு வெளியே போய்விடும் என்றும், பயிற்றைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றும் சொன்னார். படிவத்தின் அடியில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். எனக்கு ஒரு பிரதி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் படலையைத் தாண்டும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. உண்மையைச் சொன்னபோது ஏழு வருடம். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தச் சுரங்கக்காரர்மேல் அல்ல. என்னை நம்பிய முதல் ஆள் அவர். நம்பியிருக்கக் கூடாத ஒரே தடவை அதுதான்.

மனைவி சங்கிலியைக் கழுத்திலிருந்து கழற்றினாள். பதக்கத்தை விட்டுத் திறப்பை மட்டும் உருவி என்னிடம் நீட்டினாள்.

"திங்கக்கிழமை கொண்டுபோய் அந்த மனிசியிட்டத் திருப்பிக் குடுங்கோ. அரைவாசி விலை தந்தாலும் குடுங்கோ."

"ஓம்" என்றேன்.

"உந்த முகத்தோட அண்டைக்கு அந்த ஒஃபீசில சொல்லியிருந்தா, முதல் மாசமே விசா தந்திருப்பாங்கள்" என்றாள்.

பிறகு கொட்டில் படியில் இருந்து சப்பாத்தைக் கழற்றினாள். நான் வேலியைப் பிடுங்கத் தொடங்கினேன்.